நெமெத் கடைசிக் காலத்தில் செய்த சம்பளமில்லாத வேலை

ஆறுபுள்ளி (இழையைத் தொடங்கியவர்)

பிரெய்லில் கணக்குப் படித்தவர்களுக்கு நெமெத் என்ற பெயர் பழக்கம்தான். ஆனால் ஆளாகத் தெரியாது, பிரெய்லில் கணக்கு எழுதும் ஒரு முறையின் பெயராகத்தான் தெரியும். "புத்தகம் நெமெத்தில் இருக்கா?" என்று கேட்போம், அதோடு சரி. அந்தப் பெயருக்கு உரிய ஆப்ரஹாம் நெமெத்தைப் பற்றிப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். அவர் கண்டுபிடித்ததைவிட, ஓய்வு பெற்றபின் செய்த வேலை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் கதைச் சுருக்கம். 1918 அக்டோபர் 16இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் பிறந்தார். ஹங்கேரியிலிருந்து வந்த யூதக் குடும்பம், வீட்டில் இத்திஷ் மொழி. பிறவியிலேயே பார்வை இல்லை. அப்பா அவரை வெளியே கூட்டிப்போகும்போது சும்மா கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போகமாட்டார். இப்போது மேற்கே நடக்கிறோம், அடுத்து இடப்பக்கம் திரும்பினால் தெற்கு என்று சொல்லிக்கொண்டே நடப்பார். வழியில் தபால் பெட்டி வந்தால் அதில் புடைத்திருக்கும் எழுத்துகளைத் தடவிப் பார்க்கச் சொல்வார். அச்செழுத்தின் வடிவம் நெமெத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். பிற்காலத்தில் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிப் பாடம் நடத்தியதற்கு அது கைகொடுத்தது.

கணக்கில்தான் ஆசை. பார்வையற்றவருக்கு அது சரிவராது என்று ஆலோசகர்கள் திருப்பிவிட, உளவியல் படித்தார். 1942இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம். வேலை மட்டும் கிடைக்கவில்லை. தலையணை உறை தைப்பது போன்ற கூலி வேலைகள்தான் கிடைத்தன. கடைசியில் மனைவி ஃப்ளோரன்ஸ்தான் கேட்டாராம்: எப்படியும் வேலையில்லாமல்தான் இருக்கப்போகிறீர்கள், வேலையில்லாத உளவியலாளராக இருப்பதைவிட வேலையில்லாத கணிதவியலாளராக இருக்கலாமே? அதன்பின் மாலை நேரத்தில் கணக்கு வகுப்புகளில் சேர்ந்தார். 1955 முதல் 1985 வரை டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். 1964இல் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அவர் உருவாக்கிய பிரெய்ல் கணக்கு முறை அதற்கு முன்பே, 1952இல், அச்சாகிவிட்டது.

ஓய்வு பெற்றபின் இந்த மனிதர் என்ன செய்தார்? ஹீப்ரு வழிபாட்டு நூல்களைப் பிரெய்லில் பெயர்த்துக்கொண்டிருந்தார். பார்வையற்ற யூதர்கள் தங்கள் கையால் படித்துத் தொழ வேண்டும் என்பதற்காக, ஆண்டுக் கணக்கில். 2013 அக்டோபர் 2இல் இறந்தார். 95 வயது நிறைய இரண்டு வாரம் இருந்தது.

---

கல்லூரிச்சாலை

நல்ல பதிவு. ஆனால் ஒரு கேள்வி. பல நாடுகளில் பயன்படும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர். அதை ஓரத்தில் வைத்துவிட்டு, ரிட்டையர் ஆனபின் சாமி புத்தகம் டைப் அடித்ததைப் பெரிதாகச் சொல்வது ஏன்? ஓய்வு பெற்றவர்கள் கோயில் வேலை செய்வது எங்கும் நடப்பதுதானே.

---

ஆறுபுள்ளி

டைப் அடிப்பது என்று நீங்கள் சொல்வது என்னவென்று கணக்கு டீச்சர் வந்தால் விளக்கட்டும், அவர் பெர்கின்ஸ் பிரெய்ல் எந்திரத்தில் தினமும் அடிப்பவர். நான் வேறொன்று சொல்கிறேன். நெமெத்துக்கு ஆசிரியர் வேலையே தொண்டு செய்யப் போன இடத்தில்தான் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்கள் புரூக்ளின் கல்லூரியில் சேர்ந்து கால்குலஸ் புரியாமல் திண்டாடினார்கள். அவர்களுக்கு மாலையில் சொல்லிக்கொடுக்கத் தொண்டர்கள் தேவைப்பட்டார்கள். இவர் போனார். மாணவர் கணக்கை வாசிப்பார், இவர் பலகையில் எழுதிப் போட்டுக் காட்டுவார். இதைத் துறைத் தலைவர் கவனித்திருக்கிறார். பிறகு ஒரு பேராசிரியர் உடம்பு சரியில்லாமல் போனபோது இவரைக் கூப்பிட்டார்கள்.

ஆக, சம்பளமில்லாத வேலை அவருக்கு ரிட்டையர்மென்ட் பொழுதுபோக்கு இல்லை.

---

கணக்கு டீச்சர்

கூப்பிட்டதால் வந்தேன் :)

எங்கள் பள்ளியில் பார்வையற்ற பிள்ளைகளும் மற்றவர்களும் சேர்ந்து படிக்கிறார்கள். எனக்குப் பார்வை உண்டு, பிரெய்லைக் கண்ணால்தான் படிப்பேன். நெமெத் முறையில் எது புத்திசாலித்தனம் என்று இரண்டு உதாரணம் தருகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

பிரெய்லில் ஓர் எழுத்துக்கான இடம் ஒரு செல், அதில் ஆறு புள்ளி: இடப்பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. சாதாரண பிரெய்லில் 1 முதல் 9 வரையும் 0வுக்கும் தனி வடிவம் கிடையாது. ஆங்கில ஏ முதல் ஜே வரையான எழுத்துகளுக்கு முன் ஓர் எண் குறி போட்டுவிட்டால் அவை எண்களாகிவிடும். தமிழ் பிரெய்லிலும் அதே கதைதான். '3ஏ' என்று அல்ஜீப்ராவில் எழுதப்போனால் சிக்கல் வரும். 3க்குப் பின் வரும் ஏ, எழுத்தா அல்லது 1ஆ? இன்னொரு குறி போட்டுத்தான் பிரிக்க வேண்டும். நெமெத் அதே வடிவங்களை ஒரு புள்ளி கீழே இறக்கினார். 1 என்பது புள்ளி 2 ஆனது, 2 என்பது 2, 3 புள்ளிகள் ஆனது. அவ்வளவுதான். எழுத்து மேலே, எண் கீழே. விரல் குழம்பாது.

அடுத்தது பின்னம். அச்சில் மேலும் கீழும் எழுதிக் கோடு போடுகிறோம். பிரெய்லில் எல்லாம் ஒரே வரியில் ஓடுகிறது. எங்கே தொகுதி தொடங்குகிறது, பகுதி எங்கே முடிகிறது? நெமெத் தொடக்கத்துக்கு ஒரு குறி (1, 4, 5, 6), கோட்டுக்கு ஒன்று (3, 4), முடிவுக்கு ஒன்று (3, 4, 5, 6) வைத்தார். படிப்பவர் உள்ளே நுழைந்துவிட்டோம், வெளியே வந்துவிட்டோம் என்று உறுதியாகத் தெரிந்துகொள்வார். அடுக்குக்குறி வந்தால் 4, 5. திரும்ப அடிவரிக்கு வர புள்ளி 5.

கல்லூரிச்சாலை சார், "டைப் அடித்தது" பற்றி. பெர்கின்ஸ் எந்திரத்தில் நடுவில் இடைவெளிக் கட்டை, இரு பக்கமும் மும்மூன்று கட்டை. ஒரு எழுத்துக்குத் தேவையான கட்டைகளை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். ஒரு விரல் சோம்பினால் வேறு எழுத்து விழும். விழுந்த புள்ளியை நகத்தால் அமுக்கித் தட்டையாக்கலாம், ஆனால் தேர்ந்த விரல் அந்தத் தழும்பையும் கண்டுபிடித்துவிடும். வரியில் ஒரு செல் விட்டுப்போனால் தாளைத் தூக்கிப்போட்டு முதலிலிருந்து. கம்ப்யூட்டரில் அடித்து எம்பாசரில் (பிரெய்ல் அச்சு எந்திரம்) அச்செடுப்பது வந்தபின் பாதி வலி குறைந்தது. மெய்ப்பு பார்க்கும் வலி அப்படியேதான் இருக்கிறது.

---

திண்ணைப்பேச்சு

டெய்லர் கணக்கு முறையை எதிர்த்துத்தான் நெமெத் இதை உருவாக்கினார் என்று எங்கோ படித்தேன். எங்கள் பள்ளியில் டெய்லர் ஃப்ரேமில்தான் கூட்டல் கழித்தல் கற்றோம், ஈயக் கட்டைகளை எட்டு மூலைக் குழியில் திருப்பித் திருப்பி வைத்து. அது நன்றாகத்தானே இருந்தது?

---

கணக்கு டீச்சர்

அந்த டெய்லர் வேறு, இந்த டெய்லர் வேறு. ஃப்ரேம் செய்தவர் யார்க்கைச் சேர்ந்த வில்லியம் டெய்லர், 19ஆம் நூற்றாண்டு. பிரெய்ல் கணக்குக் குறிமுறை தந்தவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹென்றி மார்ட்டின் டெய்லர். அவரும் பார்வை இழந்தவர்தான். நெமெத் திணறியது இரண்டாமவர் முறையில்.

---

விசைப்பலகை

நான் முழுக்க ஸ்க்ரீன் ரீடர் ஆள், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்தான் எனக்கு. பள்ளிக்குப் பிறகு பிரெய்ல் தாளைத் தொட்டதில்லை. போனில் இரண்டு லட்சம் பக்கம் வைத்திருக்கலாம். 2000க்குப் பிறகும் ஒருவர் உட்கார்ந்து தாள் பிரெய்லில் வழிபாட்டு நூல் தயாரிப்பது உழைப்பை வீணடிப்பது மாதிரித் தெரிகிறது. புள்ளிகள் தானாக எழும்பித் தாழும் மின்னணுப் பிரெய்ல் டிஸ்ப்ளே இருக்கிறதே?

---

ஆறுபுள்ளி

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் தம்பி.

யூதர்களின் ஓய்வுநாளான சப்பாத், வெள்ளிக்கிழமை சூரியன் சாய்வதிலிருந்து சனிக்கிழமை இரவு வரை. மரபைக் கடைப்பிடிப்பவர்கள் அந்த நேரத்தில் மின்சாரத்தை இயக்கமாட்டார்கள். விளக்கு சுவிட்சைத் தொடமாட்டார்கள், போனை எடுக்கமாட்டார்கள். யோம் கிப்பூர் போன்ற பெருநாள்களிலும் அப்படித்தான். வாரத்திலேயே நீளமான கூட்டு வழிபாடு நடப்பதும், எல்லாரும் கையில் புத்தகத்தோடு நிற்பதும் சரியாக அந்த நாள்களில்தான். உங்கள் போன், டிஸ்ப்ளே, ஒலிநூல் எல்லாம் அன்றைக்கு அலமாரியில். கையில் தாள் பிரெய்ல் இருந்தால் படிக்கலாம். இல்லையென்றால் மனப்பாடம் செய்ததை வைத்து ஓட்ட வேண்டும், அல்லது பக்கத்தில் நிற்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. அது கதைப் புத்தகம் மாதிரி முதலிலிருந்து கடைசி வரை படிப்பதல்ல. காலைக்கு ஒரு பகுதி, பண்டிகைக்கு நடுவில் ஒரு சேர்க்கை, இன்ன நாளில் இதைச் சொல்லாதே என்ற குறிப்பு, முன்னே பின்னே தாவல். வாய்விட்டுச் சொல்ல வேண்டியது, அதுவும் கூட்டத்தின் வேகத்தில். ஒலிநூல் இதற்கு உதவாது.

சட்டைப் பையில் போகும் அச்சு நூல் பிரெய்லில் பல தொகுதிகளாகிவிடும் என்பது உங்களுக்கே தெரியும். எந்தத் தொகுதியை எடுத்துப்போனால் அன்றைய வழிபாடு முழுக்க அதற்குள் முடியும் என்று யோசித்துப் பிரிக்க வேண்டும். நடுவில் தொகுதி மாற்ற நேர்ந்தால் கூட்டம் இரண்டு பக்கம் முன்னே போயிருக்கும். தானே அங்கு நின்று தொழுதவருக்குத்தான் இதெல்லாம் தோன்றும்.

---

விசைப்பலகை

அண்ணா, சரண்டர். இந்தக் கோணம் தோன்றவே இல்லை.

---

கடலோரம்

எனக்கு ஒரு சந்தேகம். ஹீப்ரு வலமிருந்து இடமாக எழுதுவது. பிரெய்லில் எப்படி? அப்புறம் அந்த மொழியில் உயிரெழுத்து கிடையாது என்கிறார்களே?

---

ஆறுபுள்ளி

ஹீப்ரு பிரெய்ல் இடமிருந்து வலமாகத்தான் போகிறது, நம்முடையது போலவே. நெமெத் போன்றவர்கள் ஹீப்ருவும் ஆங்கிலமும் கலந்த நூலைச் செய்யும்போது இது வசதி. அச்சில் இரண்டும் எதிரெதிர் திசையில் ஓடும், விரலுக்கு ஒரே திசை.

உயிரொலி இல்லாமல் இல்லை. வழிபாட்டு நூலில் எழுத்துக்குக் கீழும் மேலும் சின்னப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் போட்டிருப்பார்கள். பிரெய்லில் 'கீழே' என்று ஓர் இடமே இல்லையே. அதனால் மெய்க்குப் பின்னால் உயிருக்கு ஒரு தனிச் செல். நம் தமிழ் பிரெய்லும் அப்படித்தான் செய்கிறது. அச்சில் 'கெ' எழுதினால் கொம்பு முன்னால் வரும், 'கொ' என்றால் இரண்டு பக்கமும் சூழ்ந்துகொள்ளும். பிரெய்லில் அந்த வம்பே இல்லை, க முதலில், எ அல்லது ஒ அடுத்து.

ஒருமுறை நண்பர் ஒருவர் ஹீப்ரு பிரெய்ல் தாள் ஒன்று கொடுத்தார். அர்த்தம் ஒன்றும் புரியவில்லை, ஆனால் விரல் சும்மா இருக்கவில்லை, ம, ல, அ என்று சொல்லிக்கொண்டே போனது. அவர்களுடைய மெம், லாமெத், ஆலெஃப் மூன்றும் நம் ம, ல, அ இருக்கும் அதே செல்கள். ஒலி ஒத்துப்போகும் இடத்தில் ஒரே வடிவத்தை வைப்பது என்று இரண்டு பக்கமும் செய்ததன் விளைவு.

---

பழைய இதழ்கள்

நெமெத்துக்கு முன்பே இந்த வேலையைச் செய்தவர்களையும் சொல்லியாக வேண்டும். நியூயார்க்கில் 1931இல் அமெரிக்க யூத பிரெய்ல் நிறுவனம் தொடங்கப்பட்டது. முன்னின்றவர் லியோபோல்ட் டுபோவ், பார்வையற்றவர். கூட நின்றவர்களில் ஒருவர் ரபி மைக்கேல் ஆரன்சோன். முதல் உலகப் போரில் 1918இல் பிரான்சில் பார்வை இழந்து, ஊர் திரும்பி மதகுருவானவர். பணமும் ஆளும் தந்தது யூதத் தொழுகைக்கூடங்களின் பெண்கள் சங்கங்கள்.

அப்போது ஹீப்ருவுக்குப் பொதுவான பிரெய்ல் முறையே இல்லை, ஊருக்கு ஒன்றாக இருந்தது. 1930களில் பல நாட்டுக்காரர்கள் கூடி ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். அந்த முறையில் முழு ஹீப்ரு வேதாகமம் 1950இல் வந்தது. 20 தொகுதிகள்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அந்தப் பெண்கள்தான். வீட்டுச் சமையலறை மேசையில் எந்திரத்தை வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய நேரத்தில் பக்கம் பக்கமாகப் பாடநூல் அடித்தார்கள். யூத மாணவர்களுக்கு மட்டும் என்றில்லை, யாருக்கு எந்தப் புத்தகம் வேண்டுமானாலும். அடித்த தாள் அஞ்சல் கட்டணமில்லாமல் போகும், பார்வையற்றோர் நூல்களுக்கு அங்கே அந்தச் சலுகை உண்டு (நம் தபால் துறையிலும் உண்டு). புத்தகத்தில் அவர்கள் பெயர் இருந்தால் ஒரு மூலையில் இருக்கும்.

---

கல்லூரிச்சாலை

இப்போது நான் உண்மையில் சொல்ல நினைத்ததைச் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குப் பார்வை இல்லை. போட்டித் தேர்வுக்குப் படித்தபோது தன்னார்வலர்கள் பதிவுசெய்த ஒலிநூல்களை நம்பியிருந்தேன். ஒரு அமைப்பிடமிருந்து வந்த வரலாற்று நூலில் ஆண்டுகள் தாறுமாறு. அட்டவணை வந்த இடத்தில் "இங்கே ஒரு அட்டவணை உள்ளது" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார் வாசித்தவர். ஒரு அத்தியாயத்தின் நடுவே குக்கர் விசில். சொன்னேன். "அவங்க சேவையா செய்யறாங்க சார், இதுக்குப் போய்க் குறை சொல்லலாமா" என்று பதில் வந்தது.

தன்னார்வம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஒவ்வாமை வந்ததற்குக் காரணம் இதுதான். இலவசமாகக் கொடுத்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

---

கணக்கு டீச்சர்

வேண்டியதில்லை. நான் உங்கள் பக்கம்.

அமெரிக்காவில் பிரெய்ல் பெயர்ப்பாளராக வேண்டுமென்றால், தொண்டராக இருந்தாலும், நாடாளுமன்ற நூலகத்தின் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. பாடங்களை முடித்து, கடைசியில் 35 பிரெய்ல் பக்கம் அடித்து அனுப்ப வேண்டும். பிழைக்கு மதிப்பெண் கழிப்பார்கள், தேறாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். கணக்குப் பிரெய்லுக்குத் தனிச் சான்றிதழ். பழைய இதழ்கள் சொன்ன சமையலறை மேசைப் பெண்களில் எத்தனையோ பேர் இந்தத் தேர்வை எழுதித்தான் உட்கார்ந்தார்கள். சம்பளம் இல்லை என்பதால் தரத்தில் சலுகை இல்லை.

---

ஆறுபுள்ளி

நெமெத் விஷயத்தில் இன்னொரு வித்தியாசம் உண்டு கல்லூரிச்சாலை. உங்களுக்கு வாசித்தவர் தன் பதிவைத் தானே நம்பிப் படித்துத் தேர்வு எழுதப்போவதில்லை. நெமெத் பெயர்த்த நூலை நெமெத்தே விரலால் படித்துத் தொழுவார். பிழை இருந்தால் முதலில் தடுக்கி விழுவது அவர்தான். பார்வையற்றவர் வாங்கும் இடத்தில் இல்லாமல் தயாரிக்கும் இடத்தில் உட்கார்ந்தால் "குறை சொல்லலாமா" என்ற பேச்சுக்கே இடமிராது. நான் அந்தக் கடைசிக் கால வேலையைப் பெரிதாகச் சொன்னது இதனால்தான்.

ஆள் கறார். 1991இல் டிம் கிரான்மர் என்பவரோடு சேர்ந்து, பிரெய்லில் இலக்கியத்துக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று பிரிந்து கிடப்பதை ஒன்றாக்கலாம் என்று முன்மொழிந்ததே இவர்தான். அதிலிருந்து வளர்ந்து வந்த ஒருங்கிணைந்த ஆங்கிலப் பிரெய்லில் எண்களை மேலேயே வைத்தார்கள். நெமெத் ஒத்துக்கொள்ளவில்லை, விலகிவிட்டார். தான் தொடங்கிவைத்ததாயிற்றே என்று பார்க்கவில்லை. 2012இல் அமெரிக்கா அந்த முறையை ஏற்றபோது நெமெத் முறையையும் கூடவே தக்கவைத்துக்கொண்டது.

---

கடலோரம்

தோரா (யூத வேதம்) வாசிப்பு? தொழுகைக்கூடத்தில் பார்வையற்றவர் வாசிக்க அனுமதி உண்டா? பிரெய்ல் வேதாகமம் 20 தொகுதி இருக்கிறது என்கிறீர்களே.

---

பழைய இதழ்கள்

அங்கேதான் சிக்கல். சபையில் தோராவை வாசிப்பது கையால் எழுதிய தோல் சுருளைப் பார்த்துத்தான், மனப்பாடமாகச் சொல்லக்கூடாது என்பது பழைய விதி. பிரெய்ல் அந்தச் சுருளுக்கு ஈடாகாது என்பதே மரபுவாதிகள் நிலை. 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த சட்டநூலில், பார்வையற்றவரைத் தோரா வாசிக்கும் மேடைக்கு அழைக்கக்கூடாது என்று இருக்கிறது. அதற்கு மோசே இஸ்ஸர்லெஸ் எழுதிய குறிப்பு: இப்போதெல்லாம் அழைக்கப்படுபவர் வாசிப்பதில்லை, அதற்கென்று இருப்பவர்தான் வாசிக்கிறார், ஆகவே பார்வையற்றவரையும் அழைக்கலாம். நடைமுறைதான் வழி திறந்துவிட்டது பாருங்கள். சீர்திருத்தப் பிரிவினர் இன்னும் தாராளம்.

வழிபாட்டு நூலுக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. அதனால்தான் அந்த வேலைக்கு அவ்வளவு தேவை.

---

ஊர்வம்பு

யூதர் என்றதும் இஸ்ரேல் பற்றி ஒரு வார்த்தை கூட யாரும் பேசவில்லையே?

---

நெறியாளர்

அதற்குத் தனி இழை ஓடுகிறது, அங்கே போய்ப் பேசலாம். இங்கே பிரெய்ல்.

---

விசைப்பலகை

நெமெத் பற்றித் தேடியபோது மேத்ஸ்பீக் என்று ஒன்று கண்ணில்... சரி, காதில் பட்டது. அது என்ன?

---

ஆறுபுள்ளி

பார்வையுள்ளவர் கணக்கை வாசித்துக் காட்டும்போது எப்படி வாசிக்க வேண்டும் என்று நெமெத் வைத்திருந்த ஒழுங்கு. அவருக்கு நிறைய வாசிப்பாளர்கள் இருந்தார்கள். ஒருவர் "ஏ ப்ளஸ் பி பை சி" என்பார். சிக்கு மேலே இருப்பது பி மட்டுமா, ஏ ப்ளஸ் பி முழுவதுமா? நெமெத் வாசிப்பாளருக்குச் சொல்லிக்கொடுத்தது: பின்னம் தொடங்கினால் தொடங்கியது என்று சொல், முடிந்தால் முடிந்தது என்று சொல். பெரிய எழுத்தா, அதற்கு ஒரு குறுஞ்சொல். எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல். உனக்குக் கணக்குப் புரிய வேண்டிய அவசியம் இல்லை, கண்ணில் படுவதைச் சொன்னால் போதும். அவருடைய பிரெய்ல் குறிகளை அப்படியே வாயால் சொல்வதுதான் அது.

---

கல்லூரிச்சாலை

இது எனக்குத் தெரிந்திருந்தால்! ஒரு தேர்வில் ஸ்க்ரைப் (கேள்வியை வாசித்து, நாம் சொல்லும் விடையை எழுதுபவர்) "எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஒன் பை எக்ஸ் மைனஸ் ஒன்" என்று ஒரே மூச்சில் வாசித்தார். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதே மூச்சு. நான் ஒரு மாதிரி எடுத்துக்கொண்டு விடை சொன்னேன், கேள்வி வேறு மாதிரி. அவர்மேல் தப்பில்லை, அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

---

கணக்கு டீச்சர்

எங்கள் பள்ளியில் ஸ்க்ரைபாக வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைத் தமிழில் பழக்கலாம் என்று நினைக்கிறேன். "பின்னம் தொடக்கம், ஏ கூட்டல் பி, கீழ், சி, பின்னம் முடிவு". எப்படி இருக்கிறது?

---

ஆறுபுள்ளி

"கீழ்" வேண்டாம் டீச்சர். எக்ஸ்1, எக்ஸ்2 என்று கீழ்க்குறி வரும்போது குழம்பும். எல்லாருக்கும் வாயில் வருவது "பை"தான், அதையே வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கமும் முடிவும் விடாமல் சொன்னால் போதும்.

---

கல்லூரிச்சாலை

பின்னத்துக்குள் பின்னம் வந்தால் "உள் பின்னம் தொடக்கம், உள் பின்னம் முடிவு". அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் போனில் நான் இருக்கிறேன், ஞாயிறு மத்தியானம் தோதுப்படும்.